பெரோவ்ஸ்கைட் படிகங்களும் நம் கிராமங்களும்

வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் சூரிய ஒளியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் தகடுகள் இன்று புதுமையான பொருளல்ல. வீட்டு மாடிகளிலும், தெருவிளக்குக் கம்பங்களிலும், சிற்சில கழனிகளில் மோட்டார்க் கொட்டகையை ஒட்டியும் அவை நிற்கக் காண்கிறோம். ஜனங்கள் அவற்றைச் சோலார் பேனல் என்றே வழங்குகின்றனர். அண்மைக் காலமாகக் கிராமக் கூட்டங்களில் ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. 'இப்பொழுதுள்ள தகட்டைக் காட்டிலும் ஆற்றல் மிக்கதும் மலிவானதுமான புதுத் தகடு வரப்போகிறதாமே, அதுவரை பொறுத்திருக்கலாமா?' என்பதே அவ்வினா. பஞ்சாயத்துப் பணத்தையோ, சொந்தப் பணத்தையோ செலவிடப் போகிறவர்கள் இவ்வாறு கேட்பது நியாயமே. இதற்குச் சரியான விடை காண வேண்டுமாயின், அந்தப் புதிய தகட்டிற்கு ஆதாரமாகவுள்ள பெரோவ்ஸ்கைட் என்னும் படிகத்தைப் பற்றி நாம் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம்.

பெயர் வந்த வரலாறு

இரஷ்ய நாட்டின் யூரல் மலைத்தொடரிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்தை 1839-ஆம் ஆண்டில் குஸ்தாவ் ரோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து, அது அதுவரை எவரும் அறியாத புதுக் கனிமம் என்று கண்டார். கனிமங்களைச் சேகரிப்பதில் ஆர்வம் மிக்க லேவ் பெரோவ்ஸ்கி என்னும் இரஷ்யப் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். கால்சியம், டைட்டானியம், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் கலந்த பொருள் அது. கால்சியம் நம் சுண்ணாம்பில் உள்ளது. டைட்டானியம் சுவருக்குப் பூசும் வெள்ளை வண்ணப் பூச்சில் சேர்கின்றது. ஆக்ஸிஜன் நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள பிராணவாயு. ஆக, இதில் உள்ள சரக்கு எதுவும் நமக்கு அந்நியமானதல்ல. அவை அடுக்கப்பட்டுள்ள முறையே விசேஷமானது.

நார்வே நாட்டில் ஆராய்ச்சி செய்த கோல்ட்ஷ்மிட் என்பார் 1926-ஆம் ஆண்டில் இந்த அடுக்குமுறையை விளக்கினார். அதன்பின், அதே முறையில் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள எல்லாப் பொருள்களுக்கும் பெரோவ்ஸ்கைட் என்பது பொதுப்பெயராயிற்று. நெல் என்ற ஒரே பெயரில் பொன்னியும் உண்டு, கிச்சிலிச் சம்பாவும் உண்டு. அதுபோல் பெரோவ்ஸ்கைட் என்ற பெயரின்கீழ் நூற்றுக்கணக்கான பொருள்கள் அடங்கும். அவற்றுட் சில மின்சாரத்தைத் தடுக்கும்; சில கடத்தும்; சில அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும்; சில ஒளி பட்டால் மின்சாரம் கொடுக்கும்.

வரப்பைக் கொண்டு ஒரு விளக்கம்

இந்த அடுக்குமுறையை விளங்கிக்கொள்வது கடினமன்று. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாகவுள்ள ஓர் அறையை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அறையின் எட்டு மூலைகளிலும் ஒருவகை அணு. அறையின் நடுமையத்தில் வேறொரு வகை அணு. நான்கு சுவர்கள், தளம், கூரை ஆகிய ஆறு முகங்களின் நடுவிலும் மூன்றாவது வகை அணு. இத்தகைய அறைகளைப் பக்கத்திலும் மேலும் கீழும் இடைவெளியின்றிக் கோடிக்கணக்கில் அடுக்கிவிட்டால் அதுவே பெரோவ்ஸ்கைட் படிகம்.

இரண்டு கழனிகளுக்கு இடையே உள்ள வரப்பு இருவருக்கும் பொது. ஆகவே ஆளுக்குப் பாதி. நான்கு கழனிகள் கூடுமிடத்தில் நட்ட எல்லைக்கல் நால்வருக்கும் பொது. ஆகவே ஆளுக்குக் கால் பங்கு. நம் அறைகளிலும் இதே கணக்குத்தான். ஒரு மூலையை எட்டு அறைகள் பங்கிட்டுக்கொள்வதால், எட்டு மூலைகளும் சேர்ந்து ஓர் அறைக்கு ஓர் அணுவே ஆகும். ஒரு சுவரை இரண்டு அறைகள் பங்கிட்டுக்கொள்வதால், ஆறு முகங்களும் சேர்ந்து மூன்று அணுவாகும். நடுவிலுள்ள அணு முழுவதும் அவ்வறைக்கே உரியது. எனவே ஒன்று, ஒன்று, மூன்று என்பதே எந்தப் பெரோவ்ஸ்கைட்டுக்கும் உள்ள விகிதம். யூரல் மலைக் கனிமத்தில் மூலையில் கால்சியம், நடுவில் டைட்டானியம், முகங்களில் ஆக்ஸிஜன். சூரியத் தகட்டிற்குரிய வகையில் நடுவில் காரீயம், முகங்களில் அயோடின், மூலையில் மெத்தில் அம்மோனியம் போன்றதொரு சேர்மம். அயோடின் என்பது நம் சமையல் உப்பில் சேர்க்கப்படும் அதே பொருளாகும்.

மூலையிலோ, நடுவிலோ, முகத்திலோ உள்ள அணுவை மாற்றி வேறொன்றை வைத்தால் படிகத்தின் குணம் மாறிவிடும். வீட்டின் அமைப்பை மாற்றாமல் குடியிருப்போரை மாற்றுவது போன்றது இது. விஞ்ஞானிகள் இக்கனிம இனத்தை விரும்புவதற்கு இவ்வசதியே முக்கிய காரணம்.

பூமிக்குள்ளும் விண்கல்லிலும்

இப்படிகம் ஆராய்ச்சிச் சாலையில் மட்டும் உள்ளதென்று எண்ணவேண்டாம். நம் காலடியில் சுமார் 660 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே, பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும், மக்னீசியமும் சிலிக்கனும் ஆக்ஸிஜனும் இதே முறையில் அடுக்கப்பட்ட கனிமம் நிறைந்திருக்கின்றது. பூமியின் கொள்ளளவில் ஏறத்தாழ 38 விழுக்காடு இதுவே என்று கணக்கிட்டுள்ளனர். அவ்வளவு ஆழத்திலிருந்து அதை எடுத்துப் பார்க்க இயலாமையால், அது நெடுங்காலம் பெயரின்றியே இருந்தது. ஆஸ்திரேலியாவில் 1879-இல் வீழ்ந்த ஒரு விண்கல்லில் அது கண்டறியப்பட்டு, 2014-ஆம் ஆண்டில் பிரிட்ஜ்மனைட் என்று பெயர் பெற்றது. நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் நாகபுரி மாவட்டத்தில் காட்டோல் என்னும் ஊரில் 2012 மே மாதம் 22-ஆம் நாள் வீழ்ந்த விண்கல்லிலும் இக்கனிமம் இருப்பதைக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டு 2021-இல் வெளியிட்டனர்.

தட்டினால் பொறி, தொட்டால் செய்தி

பெரோவ்ஸ்கைட் முதன்முதலில் மக்களுக்குப் பயன்பட்டது இரண்டாம் உலகப் போரின் காலத்தில்தான். அக்காலத்து வானொலிக் கருவிகளில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகளுக்குக் காக்காப்பொன் எனப்படும் மைக்கா தேவைப்பட்டது. உலகுக்கு மைக்கா வழங்கியதில் நம் நாட்டுக்கே முதன்மை. போரினால் கடல்வழிப் போக்குவரத்து ஆபத்துக்கு உள்ளானதால், அதற்கு மாற்றுப் பொருளைத் தேடலாயினர். அமெரிக்கா, இரஷ்யா, ஜப்பான் ஆகிய நாடுகளில் தனித்தனியே நடந்த ஆய்வுகளில் பேரியம் டைட்டனேட் என்னும் பெரோவ்ஸ்கைட் பொருளின் அரிய குணம் வெளிப்பட்டது. எலன் மேகா என்னும் பெண்மணி ஊடுகதிர்களைக் கொண்டு அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து 1945-இல் வெளியிட்டார்.

அக்குணம் யாதெனில், அறையின் நடுவில் உள்ள டைட்டானியம் அணு சரியாக நடுவில் நில்லாமல் சற்றே ஒருபுறம் ஒதுங்கி நிற்பதாகும். அதனால் படிகத்தின் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் மிகும். இத்தகைய பொருள் சிறு இடத்தில் மிகுந்த மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும். நம் கைபேசிக்குள் மணலளவினவாக நூற்றுக்கணக்கில் பொருத்தப்பட்டுள்ள மின்தேக்கிகளில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட்டால் ஆனவை.

இனி, இதைப் போன்ற படிகத்தை அழுத்தினால் அணுக்கள் மேலும் நகர்ந்து மின்சாரம் பிறக்கும். மின்சாரம் செலுத்தினால் படிகம் சற்றே விரிந்து சுருங்கும். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் இவ்வியல்பை வேறு படிகங்களில் 1880-ஆம் ஆண்டிலேயே கியூரி சகோதரர்கள் பிரான்சில் கண்டனர். காரீயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்த பெரோவ்ஸ்கைட் மட்பொருள் 1950-ஆம் ஆண்டுகளில் வந்தபின், அது அன்றாட வாழ்வில் புகுந்தது. அடுப்பங்கரையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரில் மின்கலம் இல்லை. விசையை அழுத்தும்பொழுது சிறு சுத்தியொன்று இம்மட்பொருள் துண்டின்மீது அடிக்கின்றது. அந்த அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் எழுந்து பொறி பறக்கின்றது.

மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கும், கால்நடை மருத்துவமனைகளில் சினைப் பசுக்களுக்கும் ஸ்கேன் எடுக்கும் கருவியின் முனையிலும் இதே இனமே உள்ளது. மின்சாரத்தால் அதிர்ந்து, செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்சாரமாக்கிப் படம் காட்டுகிறது. இக்கருவியைக் கொண்டு பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மக்களுக்கு நினைவூட்டிவருதல் நலம். நம் கடலோரக் குப்பங்களில் விசைப்படகு வைத்திருப்போர் மீன் கூட்டத்தையும் கடலின் ஆழத்தையும் அறியப் பயன்படுத்தும் கருவியும், மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் கருவிகளுட் சிலவும் இவ்விதமாகவே இயங்குகின்றன.

இவற்றிற்கு வேண்டும் மூலப்பொருள்களுக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியத் தாதுவும் சிர்க்கோனியத் தாதுவும் ஒருங்கே கிடைக்கின்றன; பொதுத்துறை நிறுவனமான இந்திய அருமண் நிறுவனம் அவற்றைப் பிரித்தெடுத்து வருகின்றது. பேரியத்திற்குரிய பெரும் படிவு ஆந்திர மாநிலத்து மங்கம்பேட்டையில் உள்ளது.

பெரோவ்ஸ்கைட்டை ஒத்த அடுக்குமுறை கொண்ட செம்பு ஆக்ஸைடுகள் கடுங்குளிரில் தடையே இன்றி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை 1986-இல் பெட்நோர்ஸ், முல்லர் என்னும் இருவர் சுவிட்சர்லாந்தில் கண்டு, மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டில் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் அவர்கள் இவ்வகை ஆக்ஸைடுகளை நெடுங்காலமாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்.

சூரிய ஒளியும் புதிய தகடும்

இப்பொழுது நம் முக்கிய விஷயத்திற்கு வருவோம். இன்று கடையில் விற்கும் சூரியத் தகடுகளில் மிகப் பெரும்பான்மையானவை சிலிக்கன் என்னும் பொருளால் ஆனவை. சிலிக்கன் மணலில் நிறைந்துள்ள பொருளேயாயினும், அதைத் தூய்மையாக்கி, 1,414 பாகை வெப்பத்தில் உருக்கி, ஒரே படிகமாக இழுத்து, மெல்லிய வில்லைகளாக அறுக்கவேண்டும். இதற்கு ஆகும் மின்சாரமும் செலவும் பெரிது.

பெரோவ்ஸ்கைட் இதனின்றும் வேறுபட்டது. அதற்குரிய உப்புகளைத் திராவகத்தில் கரைத்து, மை அச்சிடுவதுபோல் கண்ணாடியின்மீதோ, மெல்லிய படலத்தின்மீதோ பூசி, 100 முதல் 150 பாகை வெப்பத்தில் உலர்த்தினால் படிகமாகிவிடும். ஒரு மீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அக்கூறில் ஏறக்குறையப் பாதியளவு கனமுள்ள பூச்சே போதும். இது ஒரு தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்கிலும் குறைவு.

ஜப்பானில் யோக்கோஹாமா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர் மியாசாக்காவும் அவர் குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் இத்தகைய மின்கலத்தை வெளியிட்டபொழுது, அது தன்மேல் விழும் ஒளியில் 3.8 விழுக்காட்டையே மின்சாரமாக்கிற்று. 2012-இல் கொரியாவிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அது 10 விழுக்காட்டை எட்டியது. இன்று ஆய்வுக்கூடங்களில் சிறு மின்கலங்கள் 26 விழுக்காட்டையும் கடந்துவிட்டன. சிலிக்கன் இந்நிலையை அடைய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதை நோக்குமிடத்து, இது மிக விரைவான முன்னேற்றமே.

இதைவிடச் சிறந்தது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் முறை. தென்னந்தோப்பு வைத்திருப்போர் இதை எளிதில் உணர்வர். உயர்ந்த தென்னை மேலிருந்து வெயிலை வாங்கிக்கொள்ள, மிச்சமாகக் கீழே விழும் வெயிலில் வாழையோ மஞ்சளோ ஊடுபயிராக விளைகின்றது. அதுபோல, மேலே பூசப்பட்ட பெரோவ்ஸ்கைட் நீலம், பச்சை முதலிய நிற ஒளியை ஏற்றுக்கொள்ளும். அதனை ஊடுருவிச் செல்லும் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் கீழே உள்ள சிலிக்கன் ஏற்றுக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு மகசூல் கிடைக்கும். சிலிக்கன் தனித்து எவ்வளவு முயன்றாலும் 29 விழுக்காட்டிற்குச் சற்று மேல் போக இயற்கை இடந்தராது. கூட்டு மின்கலமோ ஆய்வுக்கூடத்தில் 34 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யில் உள்ள தேசிய ஒளிமின் ஆராய்ச்சி, கல்வி மையத்தினரும் இத்துறையில் ஈடுபட்டு, கூட்டு மின்கலத்தில் 30 விழுக்காட்டை நெருங்கிய அளவை எட்டியுள்ளனர்.

ஒரு சிறு கணக்கு

இந்த விழுக்காடுகள் உழவர்களுக்கு எவ்வகையில் பொருள்படும் என்று பார்ப்போம். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 1,000 வாட் அளவு ஒளியாற்றல் விழுகின்றது. கடையில் இன்று விற்கும் சிலிக்கன் தகடு இதில் 20 முதல் 23 விழுக்காட்டை மின்சாரமாக்கும். 20 விழுக்காடு என்றே கொள்வோம். சதுர மீட்டருக்கு 200 வாட் ஆகும். 5 குதிரைத்திறன் கொண்ட மோட்டாரை இயக்க ஏறத்தாழ 4,800 வாட் தகடு வைக்கின்றனர். ஆகவே 24 சதுர மீட்டர் தகடு வேண்டும். நம் பக்கத்துக் கணக்கில் அரைக் குழிக்குச் சற்றுக் குறைவு. 30 விழுக்காடு தரும் தகடாயின் 16 சதுர மீட்டர் போதும். அதாவது குழியில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு.

இதனால் மிச்சமாவது எட்டுச் சதுர மீட்டர் இடமும், அதற்குரிய இரும்புச் சட்டமும், கம்பியும் ஆகும். ஒரு காணி கழனி உள்ளவருக்கு இது பெரிய இடமன்று. மாடியில் இடம் குறைந்த வீடுகளுக்கும், கனமான தகட்டைத் தாங்கமாட்டாத ஓட்டுக் கூரைக்கும், தகரக் கொட்டகைக்கும் இது மெய்யாகவே உதவும். மெல்லிய படலமாக ஒட்டக்கூடிய வகையை ஜப்பானியர் ஊக்கத்துடன் உருவாக்கி வருகின்றனர். அயோடின் உற்பத்தியில் சிலி நாட்டிற்கு அடுத்தபடியாக அவர்கள் நாடே உலகில் முன் நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

நம் மழையும் நம் வெயிலும்

இத்தனை சிறப்புள்ள பொருள் ஏன் இன்னும் கடைத்தெருவில் நிறைந்து கிடக்கவில்லை? அதற்குக் காரணம் அதன் ஆயுள். கரைசலிலிருந்து எளிதில் பிறந்த படிகம், ஈரம் பட்டால் எளிதில் சிதைந்தும் போகின்றது. வெப்பமும், வெயிலில் உள்ள புறஊதாக் கதிரும், காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் அதனைத் தாக்குகின்றன. சிலிக்கன் தகட்டிற்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகின்றனர். அத்தனை ஆண்டு கழிந்த பின்னும் அது தொடக்கத்தில் தந்ததில் ஏறக்குறைய 80 விழுக்காடு மின்சாரம் தரும் என்பது வழக்கமான கணக்கு. திறந்த வெளியில் 25 ஆண்டு நின்று காட்டிய பெரோவ்ஸ்கைட் தகடு உலகில் எங்கும் இல்லை. ஏனெனில் அது பிறந்தே அத்தனை ஆண்டு ஆகவில்லை. ஜெர்மனியில் தொழிற்சாலை வைத்துள்ள ஆக்ஸ்போர்டு பி.வி. என்னும் நிறுவனம் கூட்டு மின்கலத்தாலான தகடுகளை முதன்முதலாக விற்பனைக்கு அனுப்பியதே 2024-ஆம் ஆண்டில்தான், அவை 24.5 விழுக்காடு திறன் கொண்டவை.

நம் பகுதியின் தட்பவெப்பத்தை இதனுடன் சேர்த்து எண்ணவேண்டும். கடலை அடுத்த நம் கிராமங்களில் ஆண்டு முழுதும் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் மழை கொட்டும். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலை நாம் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. குளிர்ந்த, வறண்ட நாட்டில் பல ஆண்டு உழைக்கும் தகடு நம் ஊரிலும் அவ்வாறே உழைக்கும் என்று கொள்வதற்கில்லை. தகடுகளைச் சோதிக்கும் சர்வதேச விதிகளில், 85 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரமும் உள்ள அறையில் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நம்மைப் போன்ற கடலோர மக்களுக்கு இதுவே மிக முக்கியமான சோதனையாகும்.

காரீயத்தைப் பற்றிய எச்சரிக்கை

சூரியத் தகட்டிற்குரிய பெரோவ்ஸ்கைட்டில் இதுவரை நன்கு வேலை செய்வது காரீயம் கலந்த வகையே. காரீயம் உடம்பில் சேர்ந்தால், முக்கியமாகச் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். பூச்சு மிக மெல்லியதாகையால், ஒரு சதுர மீட்டர் தகட்டில் உள்ள காரீயம் ஒரு கிராமுக்கும் குறைவே. இன்வெர்ட்டருடன் வைக்கப்படும் பெரிய பேட்டரி ஒன்றில் 20 கிலோவுக்கும் மேல் காரீயம் இருப்பதை நோக்க, இது அற்பமே என்று சிலர் கூறுவர். அளவில் அது உண்மை. ஆயினும், பேட்டரியில் உள்ள காரீயம் கட்டியாக உள்ளது. அதற்கு விலை இருப்பதால் பழைய பேட்டரி திரும்ப வாங்கப்படுகின்றது. தகட்டில் உள்ளதோ நீரில் கரையக்கூடிய உப்பு. கண்ணாடி உடைந்து, மேலுறை கிழிந்து, மழையில் கிடந்தால் அது மண்ணோடும் நீரோடும் கலக்கும். ஏரிப் பாசனத்தையும் நிலத்தடி நீரையும் நம்பி வாழும் நமக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமன்று.

இதற்குப் பரிகாரமும் உண்டு. காரீயம் கசியாதபடி நல்ல உறையிடவும், கசிந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் படலத்தை உள்ளேயே வைக்கவும், காரீயத்திற்குப் பதில் வெள்ளீயத்தைப் பயன்படுத்தவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் தம் வரம்பிற்குள் கொண்டுள்ளன. ஆகவே உடைந்த தகடு எவ்வகையினதாயினும், அதைக் குப்பைமேட்டிலோ, வாய்க்காலிலோ, ஏரிக்கரையிலோ எறிதல் கூடாது, எரித்தலும் கூடாது. கிராமத்தில் ஒரு மூடிய இடத்தைக் குறித்து, அங்கே சேர்த்துவைத்து, முறைப்படி ஒப்படைக்கும் ஏற்பாட்டைப் பஞ்சாயத்துகள் இப்பொழுதே செய்துகொள்வது விவேகமாகும்.

பொறுத்திருக்கலாமா?

இனித் தொடக்கத்தில் கண்ட வினாவிற்கு விடை கூறுவோம். தேவை இன்று உள்ளவர்கள் பொறுத்திருக்க வேண்டியதில்லை. சிலிக்கன் தகடு நீண்டகாலச் சோதனையில் தேறிய பொருள். அதன் விலையும் முன்னைவிட வெகுவாக இறங்கியுள்ளது. மத்திய அரசு 2019-இல் தொடங்கிய குசும் திட்டம் சூரிய மோட்டார்களுக்கும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டு மாடித் தகடுகளுக்கும் மானியம் வகுத்தன. பின்னதில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆயின் 78,000 ரூபாயும் மானியமாக நிர்ணயிக்கப்பட்டன. வராத பொருளுக்காகக் காத்திருந்து, வந்த மானியத்தை இழப்பது நட்டமே. புதிய தகடு பின்னால் வந்தாலும், சட்டம், கம்பி முதலியவற்றுட் பல மீண்டும் பயன்படக்கூடும்.

'பெரோவ்ஸ்கைட்' என்ற பெயரைச் சொல்லி எவரேனும் மலிவான தகடு விற்க வருவாராயின், பணம் கொடுக்குமுன் நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, மத்திய புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் பட்டியலில் அத்தகடு உள்ளதா? இரண்டாவது, ஈர வெப்பச் சோதனையில் தேறியதற்குச் சான்றிதழ் உண்டா? மூன்றாவது, எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு மின்சாரத்திற்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தருகின்றார்? நான்காவது, உடைந்தாலோ ஆயுள் முடிந்தாலோ அதைத் திரும்பப் பெற்றுக்கொள்பவர் யார்? இந்நான்கில் ஒன்றிற்கு விடை இல்லையாயினும், அத்தகட்டை வாங்காது விடுதலே நன்று.

மற்றுமொரு செய்தியையும் மறக்கலாகாது. மின்சாரம் எவ்வளவு மலிவாயினும், அது நீரை மேலே ஏற்றுமேயன்றி நிலத்தடியில் நீரைப் படைக்காது. வெயில் உள்ளவரை செலவின்றி ஓடும் மோட்டார், அளவறிந்து நிறுத்தப்படாவிட்டால், ஆழ்குழாய்க் கிணறுகளை வற்றச் செய்யும். கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே ஏறவும் வழி செய்யும். ஆகையால், சூரிய மோட்டார் வைக்கும் ஊரில் நீர் இறைக்கும் நேரத்திற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். சங்கராபரணியின் நீர் பெறும் ஊசுடு ஏரியையும், பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணையின் நீர் பெறும் பாகூர் ஏரியையும், அவற்றின் வரத்து வாய்க்கால்களையும் செம்மையாக வைத்துக்கொண்டால்தான், எவ்வகைத் தகட்டாலும் நமக்கு நிலைத்த பயன் உண்டாகும்.

யூரல் மலையின் ஒரு கல் நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களின் கையில் பல உருவம் எடுத்து, நம் அடுப்பங்கரைக்கும் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கழனிக்கும் கூரைக்கும் அது வரும் நாளும் தொலைவில் இல்லை. வரும்பொழுது அதன் நன்மையையும் தீமையையும் அறிந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கும் திறம் நம் மக்களுக்கு இருத்தல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் மேற்கண்ட நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கிராமத்துப் பொதுவிடத்தில் ஒட்டிவைப்பார்களாயின், அதுவே இவ்விஷயத்தில் அவர்கள் ஊருக்குச் செய்யும் முதல் உதவியாகும்.